நான்காம் எண் தகடு

சங்கரன்கோவிலில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. புதிதாக இரும்பு கேட்டோ ஜன்னல் கிரில்லோ செய்ய வருகிறவர்கள் ஒரு வகை. உடைந்த கலப்பையையோ தறியின் உறுப்பையோ ஒட்ட வைக்க வருகிறவர்கள் இன்னொரு வகை. இரும்பை ஒட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டு வந்தவர் இந்த இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒருவர்தான். ஊருக்கு வெளியே உள்ள ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்துகிற மேடம். நாற்பதை நெருங்கும் வயது. ஸ்கூட்டியை நிழலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"அண்ணாச்சி, ஒரு தகட்டுல நேர்கோடா ஒரே ஒரு ரன் போட்டுத் தரணும். எதையும் எதோடயும் ஒட்டாண்டாம். கோடு மட்டும் போதும்."

எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். "சரி மேடம்" என்றேன். யார் எதைக் கேட்டாலும் முதலில் சரி என்று சொல்லிவிட்டு, அவர்கள் போன பிறகு யோசிப்பது என் வழக்கம். கூச்சமுள்ளவனுக்கு அதுதான் வசதி. தொழிலும் எனக்கு அப்படியே வாய்த்தது. வேலை நேரம் முழுவதும் முகத்தை மூடிக்கொள்ளலாம். எதிரில் நிற்பவரும் கண் கூசும் என்று நாமாகச் சொல்லாமலே தள்ளிப் போய்விடுவார்.

எதற்கு என்று கேட்டது என் மனைவி. பட்டறைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். கையில் ஒட்டிய மாவோடு வந்து நின்று கேட்டாள். மேடம் சொன்னார்.

வெல்டிங் வைக்கும்போது ராடின் நுனியில் இரும்பு உருகி ஒரு சின்னக் குட்டை மாதிரி நிற்கும். அந்தக் குட்டைக்குள் சூடு எப்படிப் பரவுகிறது, உருகிய இரும்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையெல்லாம் சமன்பாடுகளாக எழுதி, கம்ப்யூட்டரில் போட்டு, குட்டையின் அகலமும் ஆழமும் இவ்வளவு இருக்கும் என்று வெல்டிங் வைக்காமலே சொல்லிவிடலாமாம். இதைத்தான் அவர் முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடமாகச் செய்துகொண்டிருந்தார். கணக்கு முடிந்துவிட்டது. கணக்கு சொல்வதும் இரும்பு சொல்வதும் ஒன்றுதான் என்று காட்டுவது மட்டும் பாக்கி. ஜூன் மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு அது. பட்டம் வாங்காதவர்கள் அதற்குமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

"காலேஜ்ல மெஷின் இல்லையாக்கும்?" என்றாள் மனைவி.

"இருக்குக்கா. ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சு மூடுனது. இன்ஸ்பெக்‌ஷன் வந்தாத்தான் துறப்பாவ. சுவிட்ச் போட்டா மொத்த பிளாக்குக்கும் கரண்டு போயிரும்."

"அப்ப எங்க வீட்டுக்காரர நம்பி வந்திருக்கீய" என்றாள் என் மனைவி. அதில் எவ்வளவு பெருமை, எவ்வளவு எச்சரிக்கை என்று எனக்கு இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மேடத்துக்கு வேண்டியது எட்டுத் தகடு. ஒவ்வொன்றுக்கும் கரண்டு வேறு, வேகம் வேறு. ஒரே தகட்டில் போடும்போது வேகம் மாறவே கூடாது. என் கையை ஸ்டாப்வாட்சை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, உங்க கை மூணு வேகத்துல போவுது" என்றார் மிகுந்த மரியாதையோடு. அதனால் கையை நிறுத்திவிட்டுத் தகட்டை நகர்த்துவது என்று முடிவானது. விசைத்தறியில் நெய்த துணியை மெதுவாக, ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே போகும் உருளை ஒன்று உண்டு. பழைய தறி ஒன்றிலிருந்து அந்த அமைப்பைக் கழற்றி, சின்ன மோட்டார் மாட்டி, தகடு வைத்த தள்ளுவண்டியை இழுக்க விட்டேன். அது துணி என்றே நினைத்துக்கொண்டு தகட்டை இழுத்தது.

என் பாடுதான் திண்டாட்டம். நாங்கள் ராடை நேராகக் கொண்டு போகிறவர்கள் இல்லை. பிறை பிறையாக நெளித்து நெளித்துப் போனால்தான் தையல் அழகாக வரும், மீன் செதில் மாதிரி. தகடு தானாக நகர்ந்தாலும் கை பழக்கத்தில் நெளிக்கப் பார்க்கும்; மேடத்தின் கணக்கில் நெளிவு கிடையாது. "நெளிக்காதீய அண்ணாச்சி, நெளிக்காதீய" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். இருபத்தாறு வருடம் பழகியதை விடச் சொல்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஒருநாள் டீ குடிக்கும்போது, இரும்பு ஏன் ஓடுகிறது என்று எங்களுக்குக் காட்டினார். என் மனைவியிடம் ஒரு தட்டில் தண்ணீர் கேட்டு, மிளகுப் பொடியைத் தூவி, நடுவில் சோப்புத் தொட்ட விரலை வைத்தார். பொடி முழுவதும் பயந்த மாதிரி ஓரத்துக்கு ஓடியது. சோப்புப் பட்ட இடத்தில் தண்ணீர்ப் பரப்பின் இழுவை குறைகிறது, ஓரத்தின் இழுவை ஜெயிக்கிறது என்றார். உருகிய இரும்பிலும் அதேதான். நடுவில் சூடு அதிகம், அங்கே இழுவை குறைவு. அதனால் இரும்பு ஓரத்துக்கு ஓடும், குட்டை அகலமாகும். ஆனால் இரும்பில் கொஞ்சம் கந்தகம் இருந்தால் எல்லாம் தலைகீழ். உள்பக்கமாக ஓடி, ஆழமாகத் தோண்டும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சில தகடுகள் தோண்டும், சில தகடுகள் பரப்பும் என்பது எனக்கும் தெரியும். பழைய இரும்புக்கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று இத்தனை வருடமும் அவர் மேல் ஒரு வருத்தம் வைத்திருந்தேன். கந்தகம் செய்த வேலைக்கு அவரோடு பேச்சைக் குறைத்திருக்கிறேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் பேசியது எப்போதுமே அவ்வளவுதான்.

"நல்ல மிளகுப் பொடி, வீணாப் போச்சு" என்று மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று தகடு நன்றாக முடிந்தது. நான்காவது தகடு போட்டது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. தெருவில் எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும் வேளை அது. மின்சாரம் சோர்ந்துபோகும். என் மெஷினும் சோர்ந்தது. மேடம் மீட்டரைப் பார்த்து, குறைந்த கரண்டைக் குறித்துக்கொண்டார். "பரவால்ல அண்ணாச்சி, கொறஞ்சாலும் நல்லதுதான், அதையும் கணக்குல பாப்போம்" என்றார். ரன் முடிந்தது. உடனே கல்லூரியிலிருந்து போன் வர, தகட்டைக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டார். "ஆறட்டும், நாளைக்கு வந்து எடுத்துக்கிடுதேன்."

ஆறிய பிறகு மேல்கசடைத் தட்டி எடுத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. புழு ஊர்ந்த மாதிரி மெலிந்து, அங்கங்கே விட்டுவிட்டு, இரும்புக்குள் இறங்காமல் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. தொழில் படிக்க வந்த முதல் வாரத்தில்கூட நான் இப்படி வைத்ததில்லை. இது ஒரு கல்லூரிக்குப் போகப் போகிறது. போட்டோ எடுப்பார்கள். படித்தவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

எங்கள் ஊரில் எந்தப் பட்டறைக்காரனும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மோசமாக வந்த வேலையை யார் கண்ணுக்கும் காட்ட மாட்டோம். தறிகள் நின்றதும், மின்சாரம் தெம்பாக இருக்கும்போது, அதே அளவில் வேறொரு தகடு எடுத்தேன். தள்ளுவண்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று என் கையாலேயே, எனக்குப் பிடித்த கரண்டில், பிறை பிறையாக நெளித்து ஒரு ரன் போட்டேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பஞ்ச் வைத்து '4' என்று அடித்தேன். பழைய தகட்டிலும் '4' இருந்தது. என் மனைவி தன் மாவு கிரைண்டர் ஸ்டாண்டின் ஒரு கால் ஆடுகிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அசிங்கமான பக்கம் தரையைப் பார்க்கும்படி பழைய தகட்டை அந்தக் காலுக்கு அடித்தகடாக வைத்து ஒட்டிவிட்டேன். ஒரே கல்லில் இரண்டு மானம் காப்பாற்றப்பட்டது.

மறுநாள் மேடம் தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "நாலாவதுதான் அண்ணாச்சி எல்லாத்துலயும் அழகு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

எட்டுத் தகடும் முடிந்து, அவர் கொண்டுபோய்க் குறுக்கே வெட்டி, கண்ணாடி மாதிரித் தேய்த்து, அமிலம் தடவிப் பார்த்தார். அப்படிச் செய்தால் எதுவரை உருகியது என்பது கோடு போட்ட மாதிரித் தெரியும். இரண்டு வாரம் கழித்து வந்தார். ஏழு தகடு கணக்கோடு ஒத்துப்போகிறது. நான்காவது மட்டும் ஒத்துப்போகவில்லை. கணக்கு சொல்வதைவிட இரண்டு மடங்கு அகலமாம்.

"தகட்டுல ஏதாவது கோளாறா இருக்குமோ அண்ணாச்சி?"

"தெரியலயே மேடம்" என்றேன்.

அந்த ஒரு சொல் மூன்று மாதம் வேலை செய்தது. தகட்டில் கோளாறு இல்லை என்றால் கணக்கில்தான் கோளாறு என்று அவர் முடிவுக்கு வந்தார். இரும்பைச் சந்தேகிக்கலாம், கணிதத்தைச் சந்தேகிக்கலாம், அண்ணாச்சியைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. மாசி, பங்குனி, சித்திரை என்று உட்கார்ந்து சமன்பாடுகளை மாற்றினார். நான்காவது தகடு ஒத்துவந்தால் மற்ற ஏழும் விலகிப் போயின. ஏழை இழுத்தால் நான்கு போனது. அவ்வப்போது பட்டறைக்கு வந்து மாவு வாங்கிக்கொண்டு, என் மனைவியிடம் புலம்பிவிட்டுப் போவார். கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. நான் முகத்தை மூடும் ஷீல்டை இறக்கிக்கொண்டு, தேவையே இல்லாத இடத்திலெல்லாம் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன்.

சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன். இன்று வெயில் அதிகம், அவர் களைத்திருக்கிறார் என்று ஒருநாள். இன்று சந்தோஷமாக இருக்கிறார், கெடுப்பானேன் என்று ஒருநாள். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று ஒருநாள். கூச்சம் உள்ளவனுக்குக் காரணம் கிடைப்பதில் தட்டுப்பாடே கிடையாது.

மே மாதத்தில் ஒருநாள் இனிப்புப் பெட்டியோடு வந்தார். எட்டும் ஒத்துவந்துவிட்டதாம். கரண்டு குறைந்தால் குட்டை சின்னதாகும் என்றுதான் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் குட்டை திடீரென்று பெரிதாகிறது என்று இவர் கண்டுபிடித்திருக்கிறார். அதற்காகச் சமன்பாட்டில் புதிதாக ஓர் உறுப்பையே சேர்த்திருக்கிறார். அவருடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஒரே சந்தோஷமாம். போனில் அவர் பேசியதை ஸ்பீக்கரில் போட்டு எங்களுக்கும் கேட்க வைத்தார்.

"இதுதாம்மா உங்க தீசிஸோட உயிரு. இதுவரைக்கும் யாரும் சொல்லாதது."

யாரும் சொல்லாததற்குக் காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. நான் ஒரு லட்டை எடுத்து வாயில் வைத்தேன்.

"அதே கொறஞ்ச கரண்டுல இன்னும் மூணு தகடு போட்டுத் தாங்க அண்ணாச்சி. அது வந்துட்டா ஒருத்தரும் கேள்வி கேக்க முடியாது."

ஜூன் பிறந்துதான் அதற்கு நேரம் வாய்த்தது. தள்ளுவண்டியில் தகடு வைத்து, மேடம் மீட்டரோடு பக்கத்தில் நிற்க, குறைந்த கரண்டில் ரன் போட்டேன். புழு ஊர்ந்தது. "கை தவறிட்டோ?" என்றார். இரண்டாவது போட்டேன். அதே புழு. மூன்றாவதும் அப்படித்தான்.

மேடம் தகடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, "எனக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு அண்ணாச்சி. எங்க தப்புன்னே தெரியல" என்றார்.

நான் ஷீல்டைத் தூக்கவில்லை. அதற்குள்ளிருந்தே சொன்னேன். "மேடம், நான் குடுத்த நாலாம் நம்பர் உங்க முன்னால போட்ட நாலாம் நம்பர் இல்ல."

"என்னது?"

"நீங்க நிக்கும்போது போட்டது கேவலமா வந்துட்டு. அதான் வேற ஒண்ணு போட்டு வச்சேன். கரண்டு கூட வச்சு. நெளிச்சு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு மாசம்" என்றார். "மூணு மாசம் நான் உங்க நெளிவுக்குச் சமன்பாடு எழுதியிருக்கேன்." பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "அந்தப் பழைய தகடு எங்க?"

நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். என் மனைவி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கன பாக்கீய? என் கிரைண்டரையா?" என்றாள். "எனக்குச் செஞ்சு குடுத்ததும் கேவலம், மேடத்துக்குச் செஞ்சு குடுத்ததும் பொய்யா? நல்லாருக்கு உங்க தொழிலு. அரைக்க ஊறப்போட்டது அப்படியே கெடக்கு, தெரியும்லா?"

ஆனாலும் கிரைண்டரின் ஒரு பக்கத்தை முதலில் பிடித்தது அவள்தான். மூன்று பேரும் அதை இறக்கி, ஸ்டாண்டைக் கவிழ்த்தோம். காய்ந்த மாவுக்கு அடியில் '4' தெளிவாக இருந்தது. நான் காலை ஒட்டியிருந்தது தகட்டின் ஒரு ஓரத்தில். நடுப்பகுதி அப்படியே இருந்தது. அறுத்தெடுத்துக் கொடுத்தேன். மேடம் அதை ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினார்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. மேடம் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் புரியவில்லை.

"அண்ணாச்சி, என் பழைய கணக்கு இருக்குல்லா, ஒண்ணும் மாத்தாத கணக்கு? அது சொன்ன அகலம், அது சொன்ன ஆழம், ரெண்டும் அந்தப் பழைய தகட்டுல அப்படியே இருக்கு. அதே மெலிசு. உங்க தகட்ட வச்சு வரஞ்ச மாதிரி."

போனை வைத்த பிறகு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மனைவியிடம் மறைத்து, மேடத்திடம் மறைத்து, தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்த புழுவை, அது பிறப்பதற்கு முன்பே ஒரு கம்ப்யூட்டர் வரைந்து வைத்திருக்கிறது.

பேராசிரியருக்குத்தான் மனமில்லை. புதுக் கண்டுபிடிப்பை நீக்க வேண்டாம், இரண்டையும் போடலாமே என்றாராம். "இல்ல சார், அது எங்க வெல்டர் அண்ணாச்சியோட கூச்சம், அதுக்கு சமன்பாடு கெடையாது" என்று தாம் சொன்னதாக மேடம் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். ஓர் அத்தியாயத்தையே தூக்கிவிட்டு, மிச்சமிருந்த நாளில் திருத்தி எழுதி, கடைசி நாள் மதியம் ஆய்வேட்டைக் கொடுத்தார். கல்லூரி பெருந்தன்மையோடு, வாய்மொழித் தேர்வு முடியும்வரை வேலையில் இருக்கட்டும், அதில் தேறாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றது.

அந்தத் தேர்வு ஐப்பசி மழையில் திருநெல்வேலியில் நடந்தது. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாமாம். "நீங்க வரணும் அண்ணாச்சி" என்றார் மேடம். வழக்கம்போல் சரி என்றேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் யோசித்தேன்.

கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். கேள்வி கேட்க வந்த பெரியவர் வெளிமாநிலத்துக்காரர். எல்லாம் ஆங்கிலம். ஒரு மணி நேரம் எனக்குப் புரிந்தது படங்கள் மட்டும்தான். திடீரென்று திரை முழுவதும் என் புழு வந்து நின்றது. ஓர் ஆள் உயரத்துக்கு. அதன் பக்கத்தில் கம்ப்யூட்டர் வரைந்த படம். பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஏதோ கேட்டார். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

பக்கத்தில் இருந்தவரிடம், "என்ன சார் சொல்லுதாரு?" என்றேன்.

"கணக்கு ரொம்பப் பிரமாதம்ங்காரு. வெல்டர் சரியில்லைங்காரு. இவ்வளவு மோசமா ஒருத்தன் வெல்டிங் வைப்பானான்னு சந்தேகமா இருக்காம். கணக்குக்குத் தக்க தகட்ட நீங்களே தயார் பண்ணீங்களான்னு கேக்காரு."

சிரிப்பு நின்றுவிட்டது. மேடம் பதில் சொன்னார். பெரியவர் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. பேராசிரியர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் கடைசி வரிசையைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். அறை முழுவதும் திரும்பியது. யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவுமில்லை.

எழுந்து நின்றேன். முகத்தில் போட்டுக்கொள்ள எதுவும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"அது நான் போட்டதுதான் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை என்று தோன்றியதால் இன்னொரு தடவை, கொஞ்சம் அதிகமாகவே சத்தமாகச் சொன்னேன். "அந்தக் கரண்டுக்கு அப்படித்தான் சார் வரும். வேணும்னா உங்க முன்னாலயே இன்னொரு தகட்டுல போட்டுக் காட்டுதேன். அதே மாதிரி கேவலமாத்தான் வரும்."

மேடம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. அதில் என்ன சேர்த்துச் சொன்னார் என்று நான் இதுவரை கேட்கவில்லை. பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாகச் சிரித்து, காகிதத்தில் எதையோ டிக் அடித்துவிட்டு, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். உட்காரலாம் என்று யாரும் சொல்லவில்லை.